கூண்டில் சிறுத்தை இல்லாத காலை

அந்த மிருகக்காட்சிசாலையின் மக்கள் தொடர்பு அதிகாரி ஒரு பெண். அவள் என்ன வேலை பார்க்கிறாள் என்று விருந்தாளிகள் கேட்டால் கொழுந்தன் முந்திக்கொள்வான்: "அண்ணிக்குப் பூசி மெழுகுற வேலை." வீடே சிரிக்கும். அவளும் சிரித்து வைப்பாள்.

உண்மையில் அந்த வேலையில் வாய்க்கு இருப்பதைவிடக் காதுக்குத்தான் வேலை அதிகம். கழிப்பறை நாறுகிறது, குரங்குக்கு முடி கொட்டுகிறது என்று வரும் புகார்களை இயக்குநர் காதில் போடுவாள். வரிக்குதிரை குட்டி போட்டால் நிருபர்களை அழைப்பாள். மேடையில் இயக்குநர் பேச வேண்டியதை எழுதித் தருவாள். விளம்பரத்துக்குக் காசு கொடுத்தால் பத்திரிகையில் இடம் கிடைத்துவிடும். இவள் தரும் செய்திக்கு அப்படியில்லை. ஒருமுறை பொய் சொல்லி மாட்டிக்கொண்டால் அடுத்த முறை எந்த நிருபரும் போனை எடுக்கமாட்டார்.

ஒருநாள் காலை கூண்டுக் காவலர் மூச்சிரைக்க ஓடி வந்தார். சிறுத்தையைக் காணோம்.

இயக்குநருக்கு வியர்த்துவிட்டது. "பராமரிப்பு வேலை, இன்னிக்கு லீவுன்னு வாசல்ல போர்டு மாட்டுங்க. தேடிப் பிடிச்சிடலாம்."

"சார், பிள்ளைங்க ஸ்கூலுக்குக் கிளம்புற நேரம். வெளிய சொல்லியாகணும்."

"சொன்னா ஊரே பீதியாயிடும்மா!"

"எந்தப் பக்கம் போகக் கூடாதுன்னு தெரிஞ்சா போகமாட்டாங்க. அரைகுறையா காதுல விழுந்தாத்தான் சார் பீதி."

இயக்குநர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "சரி, சொல்லுங்க. ஆனா உங்க பேர்லயே சொல்லுங்க."

அவள் பெயரிலேயே அறிவிப்பு போனது. வானொலி, பள்ளிகள், காவல் நிலையம் என்று ஒன்றையும் விடவில்லை. ஒவ்வோர் எண்ணாக அவளே அழுத்திப் பேசினாள். எப்படித் தப்பியது என்று நிருபர்கள் துளைத்தெடுத்தார்கள். "இப்போதைக்குத் தெரியல. தெரிஞ்ச உடனே நானே கூப்பிடுறேன்" என்றாள்.

மதியத்துக்குள் தகவல் வந்துவிட்டது. பின்தெருவில் துணி காயப்போடக் கதவைத் திறக்கப் போன ஒரு தையல்காரி, செய்தி ஞாபகம் வந்து ஜன்னல் வழியே எட்டிப் பார்த்திருக்கிறாள். தண்ணீர்த் தொட்டி நிழலில் வால் ஒன்று ஆடிக்கொண்டிருந்தது. மருத்துவர் மயக்க ஊசி போட, சிறுத்தை ஒரு கீறலும் இல்லாமல் கூண்டுக்குத் திரும்பியது.

பிறகுதான் அடுத்த தலைவலி. சிறுத்தைக் கூண்டின் தாழ்ப்பாள் தேய்ந்துபோயிருந்தது, மாற்றித் தரும்படி கூண்டுக் காவலர் இரண்டு தடவை கேட்டிருந்தார். "காவலர் கவனக்குறைவுன்னு போட்டுடுங்க" என்றார் இயக்குநர்.

"அவர் நாளைக்கே நிருபர்கிட்ட நடந்ததைச் சொல்லுவார் சார். அப்போ ரெண்டு தப்பு ஆயிடும்."

இயக்குநர் அரைமனதோடு சம்மதித்தார். சொன்னபடி அவள் நிருபர்களைக் கூப்பிட்டு, தாழ்ப்பாளை மாற்றாதது நிர்வாகத்தின் தவறு என்றே சொன்னாள். பத்திரிகைகள் ஒரு வாரம் கிழித்துத் தொங்கவிட்டன. நிர்வாகக் குழு அவளைக் கூப்பிட்டு, அத்தனையையும் வெளியே கொட்டியிருக்க வேண்டுமா என்று கேட்டது. கேட்டதோடு சரி. அவள் வேலை தப்பியது. எல்லாக் கூண்டுகளுக்கும் புதுத் தாழ்ப்பாள் வந்தது.

சில மாதங்கள் கழித்து ஒரு கூட்டத்தில் இயக்குநர் நெஞ்சை நிமிர்த்திப் பேசினார்: "அன்றைக்கு மக்களிடம் நாங்கள் எதையும் மறைக்கவில்லை." கைதட்டல் அடங்க நேரமாயிற்று. கடைசி வரிசையில் நின்றபடி, அடுத்த பக்கத்தை ஒழுங்காகப் புரட்டுகிறாரா என்று அவள் கவனித்துக்கொண்டிருந்தாள். எழுதிக் கொடுத்தது அவள்தானே.