ஊர் முன்னால் படிக்காத அறிக்கை செல்லாது

திருமலை அடிவாரத்து அலிபிரியில் வெளிநாட்டு மாணவர்களுடன் நின்றுகொண்டிருந்தபோது செய்தி வந்தது. மலையேறுகிற இத்தனை கூட்டத்துக்கும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று அவர்கள் விசாரித்துக்கொண்டிருந்தார்கள். ரூத் சௌந்தரம் காலமாகிவிட்டார் என்று சித்தூரிலிருந்து அவருடைய தம்பி போனில் சொன்னார். முந்தின நாள்கூட ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தபடி, அறிக்கை எழுத ஆரம்பித்தாயிற்றா என்று என்னைக் கேட்டவர். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. முகாம் முடியும்வரையாவது அவரை விட்டுவைத்திருக்கக் கூடாதா?

அவரை அறிந்த உங்களுக்கு அவர் பிடிவாதத்தைச் சொல்லத் தேவையில்லை. அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சித்தூரின் பழைய மிஷன் சபைக் குடும்பத்துப் பெண். எங்கள் கல்லூரியில் புவியியல் பேராசிரியர். சுற்றுச்சூழலையும் வளர்ச்சியையும் நேரில் படிக்க ஆண்டுதோறும் ஒரு வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் இங்கே நடத்தும் கள முகாமுக்குப் பொறுப்பாக இருந்தவர். வேலூரிலிருந்து தினமும் பஸ் பிடித்து வரும் நான் அவருடைய சக ஆசிரியன். தாமதமாக வந்து திட்டு வாங்குகிறவனும் நானே. முகாமுக்கு அவர் வைத்த நிபந்தனை ஒன்றுதான். எந்த ஊரைப் பற்றி மாணவர்கள் எழுதினார்களோ, அந்த ஊரார் முன்னால் அதைத் தமிழிலும் தெலுங்கிலும் படித்துவிட்டுத்தான் விமானம் ஏற வேண்டும். "ஊர் முன்னால படிக்காத அறிக்கை செல்லாது" என்பார்.

முதல் வருஷம் நடந்தது நினைவிருக்கிறது. மாம்பழக்கூழ் ஃபேக்டரியின் கழிவுநீர் ஓடையில் கலக்கும் ஊர். ஓடை கெட்டுப்போனது மக்களுக்குத் தெரியவில்லை என்று மாணவர்கள் எழுதியிருந்ததை நான் தமிழில் படித்தேன். ஓடையோரம் மாடு வைத்திருக்கும் காந்தம்மா எழுந்தார். "நாங்க ஒண்ணும் தெரியாம குந்திக்கினு இல்ல சார். அர்ஜி மேல அர்ஜி குடுத்துக்கினுதான் கீறோம். ஆபீசுல யாரும் கண்டுக்கல. அத்த எழுது."

மறுநாள் விமானம், இனித் திருத்த நேரமில்லை என்றார் கூட வந்திருந்த வெளிநாட்டுப் பேராசிரியர். ரூத் மேடம் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டார். திருத்தி முடிக்காமல் பஸ் நகராது என்றார். பஸ் டிரைவரும் அவர் கட்சி. வேறு வழியில்லாமல் மாணவர்கள் காந்தம்மாவைச் சுற்றி உட்கார்ந்து திருத்தி எழுதினார்கள்.

பிறகு ஃபேக்டரிக்கு வேண்டியவர்கள் எங்கள் கல்லூரி நிர்வாகத்தைப் பிடித்தார்கள். ஊரில் படிப்பதெல்லாம் எதற்கு, மெயிலில் அனுப்பிக்கொள்ளலாமே என்று நிர்வாகி நயமாகப் பேசினார். "ஒருத்தரப் பத்தி அவங்க இல்லாத இடத்துல பேசினா அதுக்குப் பேரு புறணி சார். நான் புவியியல் நடத்தறேன்" என்றார் மேடம். துறைத்தலைவர் பதவி அவருக்குப் பின்னால் சேர்ந்தவருக்குப் போயிற்று. அது அவரை உறுத்தியது, எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த ஆண்டும் அறிக்கை ஊரில் படிக்கப்பட்டது.

நல்லடக்கம் முடிந்து கல்லறைத் தோட்டத்து வாசலில் நின்றபோது அதே நிர்வாகி என் தோளில் கை போட்டார். மேடத்துக்கு மரியாதையாக இந்த வருஷம் படிக்க வேண்டாம் என்றார். மரியாதையாம்! அவர் இருந்தவரை நிறுத்த முடியாததை அவர் பெயரைச் சொல்லியே நிறுத்தப் பார்த்தார்கள். நான் அதிகம் எதிர்த்துப் பேசுகிறவன் இல்லை. அன்று, படிக்கத்தான் போகிறோம் சார் என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

வழக்கமாக அறிக்கை படிக்கும் காந்தம்மா ஊர்ப் பள்ளிக்கூடத்தை இந்த முறை திறந்துவிடவில்லை. அதனால் பால் சென்டர் முன்னால், தெருவிலேயே நின்று படித்தோம். இந்த ஊர் மக்களுக்காகக் குரல் கொடுத்தவர் ரூத் மேடம் என்று மாணவர்கள் முதல் பக்கத்தில் ஆசையாக எழுதியிருந்தார்கள். அதை நான் தமிழில் படித்தேன். காந்தம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"இது தப்பு சார். எங்களுக்கு வாய் கீது, நாங்க பேசிக்கினுதான் கீறோம். டீச்சரம்மா உங்கள உக்கார வெச்சு கேக்க வெச்சாங்க. அப்படி எழுது."

அப்படியே திருத்தினோம். மேடம் கேட்டிருந்தால் மேசையைத் தட்டிச் சிரித்திருப்பார். அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்தப் பிடிவாதத்தைத்தான். அதை யாருக்கும் விட்டுக்கொடுப்பதாக இல்லை. இந்த அஞ்சலியையும் பால் சென்டர் முன்னால் படித்துக் காட்டி, அவர்கள் சரி என்ற பிறகே அச்சுக்கு அனுப்புகிறேன்.