மச்சான் குரல் கொடுக்கட்டும்

ரயில் இன்ஜின் ஷெட்டில் அவருக்கு வைத்த பெயர் நிதானம். அப்பா அம்மா வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. டீசல் இன்ஜின் டிரைவராக இருந்த காலம் முழுக்க அவர் எதற்கும் அவசரப்பட்டதில்லை. டீயை நன்றாக ஆறவிட்டுத்தான் குடிப்பார். பச்சை விழுந்த பிறகும் ஒரு மூச்சு இழுத்துவிட்டுத்தான் வண்டியை நகர்த்துவார். "இவர் வண்டியை எடுக்கிறதுக்குள்ள எனக்குத் தாடி முளைச்சிடும்" என்று கடைசிப் பெட்டியில் இருக்கும் கார்டு புலம்பாத நாள் இல்லை.

அதே ஷெட்டில் ஃபிட்டராக இருந்தவர் அவருடைய மச்சான். நிதானம் கட்டியது அவருடைய தங்கையை. நிதானம் கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு மொத்த ஷெட்டுக்கும் அவர் மச்சான் ஆகிவிட்டார். ஃபோர்மேன்கூட ஒருநாள், "மச்சான், அந்த ஸ்பேனரை எடு" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். கல்யாணத்துக்கு முன்னால் இருவரும் வாடா போடா சிநேகிதம். கல்யாணமான புதிதில் "வாங்க மாப்பிள்ளை", "சொல்லுங்க மச்சான்" என்று கொஞ்ச நாள் முறுக்காகப் போனது. இன்ஜினுக்குள் ஒருவர் காலை ஒருவர் மிதித்த அன்று அந்த மரியாதை பறந்துபோனது.

அவர்கள் கையில் அதிகம் கிடந்தது ஒரு செங்காவி நிற டீசல் இன்ஜின். முன்கோபக்காரப் பெரியப்பா மாதிரி. காலையில் எழுப்புவதற்குள் போதும் போதுமென்று ஆகிவிடும். சும்மா நின்ற இன்ஜினை நேரே பொத்தானை அழுத்திக் கிளப்ப முடியாது. சிலிண்டர்களுக்குள் தண்ணீரோ எண்ணெயோ தேங்கியிருந்தால் உள்ளே இரும்புத் தண்டே வளைந்துவிடும். அதனால் ஃபிட்டர் உள்ளே போய், சிலிண்டர் வால்வுகளைத் திறந்துவைத்து, நீளக் கம்பியைக் கொடுத்து இன்ஜினைக் கையாலேயே சுற்ற வேண்டும். தேங்கியதெல்லாம் புஸ்ஸென்று வெளியே வரும். பிறகு வால்வுகளை மூடிவிட்டு வெளியே வருவார். அவர் உள்ளே இருக்கும்போது மேலே இருக்கும் டிரைவர் தெரியாமல் பொத்தானை அழுத்தினால், கை போகும். ஆளே போனாலும் போகும்.

அதற்காக அந்த ஷெட்டில் ஒரு வழக்கம் இருந்தது. டிரைவர் ஜன்னல் வழியாக, "கை?" என்று கத்துவார். இன்ஜினுக்குள் கை வைத்தவன் எவனோ அவன் தன் வாயால், "கை வெளியே!" என்று பதில் சொல்ல வேண்டும். அவனுக்காக வேறொருவன் சொல்லக்கூடாது. சைகை செல்லாது. குரல் வராமல் பொத்தானைத் தொட்ட டிரைவரை அந்த ஷெட்டில் யாரும் மனுஷனாக மதித்ததில்லை. நிதானம் ஒருநாளும் தொட்டதில்லை.

ஷெட்டுக்குப் பின்னால்தான் குவார்ட்டர்ஸ். நிதானத்தின் மனைவி சமையலறையில் நின்றபடி அந்த இன்ஜின் இருமுவதையும், செருமுவதையும், பிறகு தடதடவென்று சீராவதையும் கேட்பாள். கேட்டதும், "அண்ணன் பேசிடுச்சு" என்பாள். அண்ணன் குரல் கொடுக்காமல் இன்ஜின் கிளம்பாது; கிளம்பிவிட்டதென்றால் அண்ணன் முழுசாக வெளியே வந்துவிட்டார் என்று அர்த்தம். அதன் பிறகுதான் அவளுக்கு மற்ற வேலை ஓடும். இதை அவள் சொல்லித்தான் நிதானத்துக்குத் தெரியும். அவள் இறந்துபோன பிறகு அந்தச் சத்தம் ஓயாமல் அவர் நினைவுக்கு வந்தது.

அவள் போனது திடீரென்று. மச்சான் அப்போது ஓய்வுபெற்று தூரத்தில் மகன் வீட்டில் இருந்தார். செய்தி கேட்டதும் கிடைத்த ரயிலில் ஏறிவிட்டார். வழியில் மழையில் தண்டவாளம் அரித்துப்போய் ரயில் நடுக்காட்டில் நின்றது. இங்கே வீட்டில் ஆளாளுக்கு நிதானத்தை நெருக்கினார்கள். "ரயில் எப்ப வருமோ, இன்னும் எவ்வளவு நேரம் வச்சிருக்கிறது?" அவர் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். கேட்டவர்களுக்கெல்லாம் தலையை ஆட்டினார். எதற்கு ஆட்டினோம் என்பதே அவருக்கு நினைவில் இல்லை. எடுத்துவிட்டார்கள்.

மச்சான் பையும் கையுமாக வந்து இறங்கியபோது வாசலில் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அவர் அழவில்லை. "ஆயுசு முழுக்க ரயில் ஓட்டினவன்டா நீ. ஒரு ரயில் வர்ற வரைக்கும் காத்திருக்க முடியலையா உனக்கு?" என்று கேட்டார். பையைக் கீழே வைக்காமலே மச்சான் திரும்பிப் போனார். அன்றோடு பேச்சு நின்றது.

செங்காவி இன்ஜினை ரயில் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்து வெகுகாலம் ஆகியிருந்தது. அதன் பொறுப்பாளர் ஒரு பெண். சட்டைக் கையில் எப்போதும் கிரீஸ் இருக்கும். அவரே அடியில் புகுந்து, டீசல் குழாய்களை மாற்றி, பேட்டரியை ஏற்றித் தயார் செய்திருந்தார். அந்த வாரக் கடைசியில் இன்ஜினைக் கூடத்துக்குள் தள்ளிக்கொண்டு போய் டாங்கைக் காலி செய்துவிடுவார்கள். கூரைக்குக் கீழே போனால் பிறகு கிளப்ப அனுமதி கிடையாது. அதற்கு முந்தின நாள் கடைசியாக ஒருமுறை, அதுவும் பழகிய கைகளால் கிளம்பட்டும் என்று டிரைவருக்கும் ஃபிட்டருக்கும் சொல்லி அனுப்பினார். இருவருக்கும் நடுவில் இருந்தது அவருக்குத் தெரியாது, பாவம்.

மச்சான் வருவார் என்று நிதானம் நம்பவில்லை. வந்தார். இளைத்திருந்தார். நிதானம் ஓரடி முன்னால் வைத்தார். மச்சான் நேரே இன்ஜினிடம் போய் அதன் வயிற்றைத் தட்டிப் பார்த்தார். அதன் பிறகு பேச்செல்லாம் பொறுப்பாளர் வழியாகத்தான். கைக்கெட்டும் தூரத்தில் நின்றுகொண்டு, "மேடம், பேட்டரி ஒரு தடவைக்குத்தான் தாங்கும்னு டிரைவர்கிட்ட சொல்லிடுங்க" என்றார் மச்சான். "எனக்கும் தெரியும்னு ஃபிட்டர்கிட்ட சொல்லுங்க" என்றார் நிதானம். பொறுப்பாளருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தலையைத் திருப்பித் திருப்பிக் கழுத்து வலிதான் மிச்சம்.

நிதானம் மேலே ஏறி டிரைவர் இருக்கையில் உட்கார்ந்தார். மச்சான் இன்ஜினுக்குள் போனார். உள்ளே கம்பி உரசும் சத்தம். அவர் கேட்டுக்கேட்டுப் பழகிய அதே சத்தம். புஸ், புஸ் என்று காற்று வந்தது. கதவு சாத்தும் ஓசை. வேடிக்கை பார்க்க வந்த கூட்டம் காதைப் பொத்திக்கொண்டது. அவர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினார்.

"கை?"

மச்சான் கீழே, எல்லோரும் பார்க்க, இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினார்.

"வெளியே வந்துட்டாரு சார், அழுத்துங்க" என்றார் பொறுப்பாளர்.

"செல்லாது மேடம். வாயால சொல்லணும்."

"நானே பார்த்தேனே சார்."

"நீங்க பார்த்தது நெசம். ஆனா உள்ளே கை வச்சது அவன். அவன்தான் சொல்லணும்."

மச்சான் கைகளை இறக்கி மார்பில் கட்டிக்கொண்டார். கொஞ்ச நேரம் பொறுத்து நிதானம் மறுபடி கேட்டார். மச்சான் தண்டவாளத்தைப் பார்த்தபடி நின்றார். கூட்டம் முணுமுணுத்தது. குழந்தைகள் சிணுங்க ஆரம்பித்தன. ஒவ்வொரு குடும்பமாக நழுவியது. பொறுப்பாளருக்கு ஏதோ புரிந்திருக்க வேண்டும். படிக்கட்டில் உட்கார்ந்து, கிரீஸ் படிந்த கையைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தார். யாரையும் அவசரப்படுத்தவில்லை.

இன்ஜினின் நிழல் தண்டவாளத்தைத் தாண்டிப் போனது. நிதானத்துக்கு முதுகு வலித்தது. சாயங்காலம் அருங்காட்சியகக் கதவை மூடிவிட்டால், அவள் கேட்ட அந்தச் சத்தம் இனி எந்தக் காலத்திலும் இல்லை. பொத்தான் விரலுக்குப் பக்கத்தில்தான் இருந்தது. அழுத்திவிட்டால் கேட்டுவிடலாம். அவர் விரலை மடக்கித் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

"மச்சான்" என்றார் ஜன்னல் வழியாக. கத்தவில்லை. "அன்னைக்கு நான் காத்திருந்திருக்கணும். எவன் என்ன சொன்னாலும் காத்திருந்திருக்கணும். தப்புதான்டா. இன்னைக்கு நீ சொல்ற வரைக்கும் இதைத் தொடமாட்டேன். இருட்டினாலும் சரி, இது இனிமே கிளம்பாமலே போனாலும் சரி."

மச்சான் நிமிர்ந்து பார்த்தார். கட்டியிருந்த கைகள் தளர்ந்தன. வாயைத் திறந்தார், காற்றுதான் வந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி திறந்தார்.

"கை வெளியே!"

குரல் பாதியில் உடைந்தது. ஆனாலும் அதே குரல்தான். நிதானம் ஒரு மூச்சு இழுத்துவிட்டுப் பொத்தானை அழுத்தினார்.

முதலில் ஒரு முனகல். பிறகு ஒரு சிலிண்டர் இருமியது, இன்னொன்று பதிலுக்கு இருமியது. விளக்குகள் மங்கின. பேட்டரி கைவிட்டுவிடும் போலிருந்தது. அவர் அழுத்தியதை விடவில்லை. கரும்புகை குபுக்கென்று மேலே கிளம்ப, இன்ஜின் உடம்பை உலுக்கிச் செருமி, தடதடவென்று ஒரு சீருக்கு வந்தது. இருக்கை அதிர்ந்தது, கண்ணாடி அதிர்ந்தது. நிதானம் அழுதார். அழுதுகொண்டே, "உன் அண்ணன் பேசிட்டான்" என்றார். அந்தச் சத்தத்தில் அது அவர் காதுக்கே கேட்கவில்லை.

மச்சான் மூச்சு வாங்க ஏறி வந்து பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தார். உதடு அசைந்ததைப் பார்த்திருப்பார் போலிருக்கிறது. காதருகில் குனிந்து கத்தினார்.

"யார்கிட்ட பேசுற மாப்ளே?"

"உன் தங்கச்சிகிட்ட."

மச்சான் கண்ணாடி வழியாக நேரே பார்த்தார். பிறகு நிதானத்தின் தோளில் கையை வைத்தார்.

"நான் வந்துட்டேன்னு சொல்லு."