காரணம் வாசிக்கப்படாத காணிக்கை

என் மைனி இரண்டாவது சேவலை எங்கள் வேதக்கோயிலில் கொண்டு வைத்தபோது கடவுளுக்கு நன்றி சொன்னாளா, அல்லது அவரிடம் வழக்குப் பேசினாளா? அன்று நான் அவள் பக்கத்தில்தான் நின்றேன். அவள் முகத்தையும் பார்த்தேன். ஆனாலும் இன்றுவரை எனக்குப் பதில் தெரியவில்லை. தும்புக் கயிற்றால் கால் கட்டப்பட்ட ஒரு வெள்ளைச் சேவல் பீடத்துக்கு முன்னே ஒருக்களித்துக் கிடந்து, ஒற்றைக் கண்ணால் சபையைப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்தக் கண்ணை மட்டும் என்னால் மறக்க முடியவில்லை.

மைனி என் அண்ணனின் மனைவி. எங்கள் ஊரில் வாந்திபேதி பரவிய வருஷம் மிஷன் பள்ளிக்கூடத்தை மூடிவிட்டதால், நான் போர்டிங்கிலிருந்து அண்ணன் வீட்டுக்கு வந்திருந்தேன். தினமும் ஏதாவது ஒரு தெருவிலிருந்து அழுகைச் சத்தம் கேட்கும். யார் வீடு என்று கேட்கவும் பயந்து, காதைப் பொத்திக்கொள்வேன். ஒருநாள் அந்த நோய் எங்கள் வீட்டுக்கும் வந்தது. அண்ணனின் ஒரே மகள் துவண்டு, கண்கள் குழிந்து, உதடு காய்ந்து கிடந்தாள். மைனி அவளை மடியைவிட்டு இறக்காமல் உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக ஊற்றிக்கொண்டிருந்தாள். எல்லாரும் கைவிட்ட பிறகு, ஒரு காலையில் பிள்ளை கண்ணைத் திறந்து கருப்பட்டி கேட்டாள்.

மைனி உடனே எழுந்துபோய்க் கூட்டிலிருந்து வெள்ளைச் சேவலைப் பிடித்தாள். எங்கள் சபையில் ஸ்தோத்திரக் காணிக்கை கொண்டுவருகிறவர்கள் அதற்கான காரணத்தை உபதேசியாரிடம் சொல்ல வேண்டும். அவர் அதைச் சபையார் கேட்க வாசிப்பார். ஆராதனை முடிந்ததும் காணிக்கைப் பொருளைப் புன்னை மரத்தடியில் ஏலம் விடுவார்கள். கீழவீட்டு அக்கா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று தடுத்துப் பார்த்தாள்.

"ஏட்டி, ஊர்ல இன்னும் நோவு அடங்கல்ல. கொஞ்சம் பொறுத்துத் தோத்திரம் வச்சாப் போராதா?"

"பயந்துகிட்டே இருந்தா நன்றி சொல்ல நேரம் எப்பம் வரும் அக்கா? பிள்ளை கருப்பட்டி கேட்டா. எனக்கு அது போரும்."

அந்த ஞாயிற்றுக்கிழமை உபதேசியார், "பிள்ளைக்குச் சுகம் கிடைத்ததற்காக" என்று வாசித்தபோது, சபையில் பல பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அவர்களில் சிலருடைய பிள்ளைகள் கல்லறைத் தோட்டத்தில் கிடந்தார்கள். வெளியே ஏலம் தொடங்கியதும் அந்தக் கனம் கொஞ்சம் விலகியது. மணியடிக்கிற கோயில்குட்டியார்தான் ஏலம் கூறுவார். "ஓய், இது சேவலா, கொக்கா? ஒரு நேரக் குழம்புக்குத் தேறாது" என்றார் ஒருவர். "தோத்திரச் சேவலாக்கும் வோய், சும்மா வெளயாடாதேயும். காலம்பற ஞானப்பாட்டே பாடும்" என்றார் கோயில்குட்டியார். "அப்பம் அத உபதேசியாருக்குப் பதிலா நிறுத்தும்!" என்று இன்னொரு குரல் வந்தது. உபதேசியாரே சிரித்துவிட்டார். எத்தனையோ நாளைக்குப் பிறகு எங்கள் ஊர் சிரித்ததை அன்றுதான் கேட்டேன். கடைசியில் கீழவீட்டு அக்காவே சேவலை ஏலத்தில் எடுத்தாள். மைனியின் இடுப்பிலிருந்த பிள்ளை, "அம்மா, நம்ம கோழி கீழவீட்டுக்குப் போவுது" என்று கைகொட்டினாள்.

அந்த வாரமே பிள்ளைக்கு மறுபடியும் வயிறு கலங்கியது. இந்த முறை அவள் எதுவும் கேட்கவில்லை.

கீழவீட்டு அக்கா அந்தச் சேவலை அறுக்கவில்லை, வளர்த்தாள். பிள்ளையை அடக்கம் செய்துவிட்டு வந்த மறுநாள் விடியும்போது அது வேலிக்கு அப்பால் கூவியது. அதன் பிறகு தினமும் கூவியது. அக்கா அழுதுகொண்டே வந்து, "ஏட்டி, அத அறுத்துரட்டுமா? கேக்கச்சில எனக்கே நெஞ்சு பதறுது" என்றாள். மைனி சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நிமிராமலே சொன்னாள்: "அது என்ன செஞ்சுது அக்கா? கூவட்டு."

ஊரில் பேச்சு வேறுவிதமாக இருந்தது. நோய் ஊரைவிட்டுப் போவதற்கு முன்னே ஸ்தோத்திரம் வைத்ததுதான் பிழை என்றார்கள். மற்ற தாய்மார் அழும்போது அவள் மகிழ்ந்ததுதான் பிழை என்றும் சொன்னார்கள். எல்லாரும் ஞானஸ்நானம் பெற்றவர்கள், எனக்கு ஜெபிக்கக் கற்றுக்கொடுத்தவர்கள். அப்படியெல்லாம் இருக்காது என்று நான் மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். ஆனால் வாயைத் திறந்து யாரிடமும் சொல்லவில்லை.

அடுத்த அறுப்பின் பண்டிகைக்கு மைனி இன்னொரு வெள்ளைச் சேவலோடு வந்தாள். உபதேசியார் குனிந்து, மெதுவாக, "எதுக்குன்னு வாசிக்கணும் அம்மா?" என்று கேட்டார். அவள் சொன்ன பதில் முன்வரிசை முழுவதற்கும் கேட்டது.

"காரணம் வாசிக்காண்டாம் ஐயா. சும்மா வச்சிட்டுப் போறேன்."

உபதேசியார் சபையின் பக்கம் திரும்பினார். பிறகு, "ஒரு சகோதரியின் காணிக்கை" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். புன்னை மரத்தடியில் அன்று யாரும் பகடி பேசவில்லை, ஏலமும் கேட்கவில்லை. கோயில்குட்டியார் இரண்டு தரம் கூறிப் பார்த்துவிட்டு, சேவலைக் கோயிலுக்குப் பின்னால் கொண்டுபோய்க் கட்டினார். மைனி திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். அவள் முகத்தில் கோபம் இருந்தது என்று சில நாள் நினைக்கிறேன். கோபம் இல்லை, வெறும் களைப்புத்தான் என்று சில நாள் தோன்றுகிறது. அது சமாதானம்தான் என்று நினைக்க விரும்புகிற நாட்களும் உண்டு. அவளிடமே கேட்கலாம் என்றால், இப்போது அவள் அண்ணனோடு இலங்கையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறாள். அவளுக்கு எழுதப்படிக்கத் தெரியாது. அண்ணன் வாசித்துக் காட்டி, அண்ணன் பதில் எழுதும் கடிதத்தில் இதை எப்படிக் கேட்பேன்?

இப்போது ஏன் இதை எழுதுகிறேன் என்றால், என் மகனுக்கு முறைக்காய்ச்சல். எங்கள் பக்கத்து ஊர்களில் இந்தக் காய்ச்சல் வீடு வீடாக ஆளைத் தின்றுகொண்டிருக்கிறது. அது வந்தால் பிள்ளையின் பற்கள் கிட்டிக்கொள்ளும், எத்தனை கம்பளி போட்டாலும் உடம்பு உதறும். பிறகு வியர்த்து, காய்ச்சல் விட்டு, ஒன்றுமே நடக்காததுபோல் எழுந்து ஓடுவான். கொயினா மருந்து கொடுக்கிறோம். போய்விட்டது என்று மூச்சு விடுகிற வேளையில் திரும்பி வருகிறது. முதல் தடவை காய்ச்சல் விட்டபோது, காணிக்கைக்கென்று வடசேரிச் சந்தையில் ஒரு சேவல் வாங்கினேன். வெள்ளைச் சேவல் வேண்டாம் என்று சிவப்பாகப் பார்த்து வாங்கினேன். அப்படிப் பார்த்ததே அவிசுவாசம் அல்லவா?

அது கிணற்றடியில் கட்டிக் கிடக்கிறது. ஒவ்வொரு சனிக்கிழமையும் நாளை கொண்டுபோக வேண்டும் என்று நினைக்கிறேன், ஒவ்வொரு ஞாயிறும் தள்ளிப்போடுகிறேன். என் கணவர் பள்ளிக்கூட வாத்தியார், சாதுவான மனிதர். "சேவலுக்குக் கெழடு தட்டியாச்சு. இனி இத ஏலத்துல எடுக்கியவன் நம்மள ஏசுவான்" என்கிறார். என் பயத்தை அவரிடம் சொன்னால் சிரிக்கமாட்டார், எனக்காக ஜெபிப்பார். அதனால்தான் சொல்ல வெட்கமாக இருக்கிறது. மகனோ அந்தச் சேவலோடு ஒட்டிக்கொண்டான். உதறல் எடுத்துக் கிடக்கும்போதுகூட, "அம்மா, சேவலுக்குத் தீனி போட்டியா?" என்று கேட்கிறான். கொண்டுபோனால் அவன் எழுந்து ஓடுவதற்கு ஒரு காரணம் குறைந்துபோகும். கொண்டுபோகாவிட்டால், கடவுள் கொடுத்த நல்ல நாட்களுக்கு நன்றி சொல்லாதவளாவேன்.

இந்தப் பத்திரிகையை வாசிக்கிற தாய்மாரே, உங்களைக் கேட்கிறேன். பிள்ளையை இன்னும் முழுதாகத் திரும்பப் பெறாத ஒருத்தி எப்போது ஸ்தோத்திரம் சொல்ல வேண்டும்? சொன்னால், என்ன காரணம் வாசிக்கச் சொல்ல வேண்டும்? உங்கள் வீட்டில் இப்படி ஒரு காலம் வந்தபோது நீங்கள் என்ன செய்தீர்கள் என்று தயவுசெய்து எழுதுங்கள். ஆறுதல் வார்த்தை வேண்டாம், என்ன செய்தீர்கள் என்பது மட்டும் போதும். இன்று காலையிலிருந்து மகனுக்குக் குளிர் தொடங்கியிருக்கிறது. கிணற்றடியில் சேவல் கூவுகிறது. இன்னும் அதற்குத் தீனி போடவில்லை.