ஈரத்துக்கு அஞ்சும் ஓட்டுநர்

புறங்கையை மனைவியின் முதுகுக்கடியில் நுழைத்து விரிப்பைத் தொடுகிறார். அதே கையைத் தன் கன்னத்தில் வைத்துப் பார்க்கிறார். ஈரம்தான். வேலைக்குக் கிளம்பும்போதும் இந்தச் சோதனை, வந்து செருப்பைக் கழற்றும் முன்பும் இந்தச் சோதனை. பேருந்து ஓட்டுகிறார். பணிமனையில் ‘பிரேக்’ என்றால்தான் ஆளைத் தெரியும். பச்சை விளக்கிலும் பிரேக்கில் கால் வைத்திருப்பவர்.

மனைவிக்குப் பக்கவாதம். பேச்சு மீண்டுவிட்டது, இடது பக்கம் மீளவில்லை. இடுப்புக்குக் கீழே உள்ளங்கையளவு சிவந்திருக்கிறது. “தோல் ஈரத்துல ஊறக் கூடாது. கிழிஞ்சா புண்ணு, அப்புறம் ஆஸ்பத்திரிதான்” என்று சொல்லிவிட்டுப் போனார் வீட்டுக்கு வரும் நர்ஸ். புரட்டிப் படுக்க வைப்பதில் ஓட்டுநர் குறை வைப்பதில்லை. அறையின் ஈரக் காற்றைத்தான் பிழிந்து காயப்போட முடியவில்லை. பழைய ஏசி அறையைச் சில்லென்று ஆக்கிவிட்டு நின்றுவிடும். நின்ற கொஞ்ச நேரத்தில் தலையணை உறை நமுத்துப்போகும்.

புதிது வாங்கக் கடைக்குப் போவதும், வாங்காமல் திரும்புவதுமாக இருந்தார். பெரிதாக, உறுமுகிற கம்ப்ரசராக வேண்டும் என்பது அவர் எண்ணம். “சத்தம் போடாத இன்ஜினை நம்பி எப்படி மேடு ஏறுறது?”

“என்னைத் தக்காளின்னு நெனச்சீங்களா, ஃப்ரிட்ஜுல வைக்க?” என்றாள் மனைவி.

ஏசி மெக்கானிக் தலையில் அடித்துக்கொண்டார். “அண்ணே, சின்ன ரூமுக்குப் பெருசா போட்டா சட்டுனு குளுந்து நின்னுடும், ஈரம் அப்படியே கெடக்கும். ஊர்வலத்துக்குப் பின்னால போறப்ப இன்ஜினை அணைச்சு அணைச்சா ஓட்டுவீங்க? காலைக் கொஞ்சம் எடுத்து உருட்டுவீங்கல்ல? இன்வர்ட்டர் கம்ப்ரசர் அப்படித்தான். மெதுவா ஓடிக்கிட்டே ஈரத்தை இழுக்கும்.”

“ஓடாம போச்சுன்னா எப்படித் தெரியும்?”

“ஓடும்ணே.”

“நீங்க சொல்றீங்க...”

அறைக்கு அளவான இன்வர்ட்டர் ஏசியே வந்தது. மாட்டிய அன்று மத்தியானம், அதன் கீழே நின்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். சத்தம் பிடிபடவில்லை. ஒருவேளை ஏமாந்துவிட்டோமோ? சிவப்பு இன்னும் குறையவில்லையே.

“உக்காருங்களேன். மூச்சு இருக்கான்னு என்னைப் பாத்த மாதிரியே அதையும் பாக்குறீங்க.”

உட்காரவில்லை. வீட்டுக்குப் பின்னால் போய், ஏசியின் தண்ணீர் வடியும் குழாயடியில் குந்தினார். வெகுநேரம் ஒன்றுமில்லை. பிறகு உள்ளங்கையில் ஒரு சொட்டு விழுந்தது. இன்னொன்று.

“எங்க போய்ட்டீங்க?”

“இதோ வந்துட்டேன்” என்றவர் எழவில்லை. கை நிறைந்ததும் தண்ணீரைக் கீழே கொட்டிவிட்டு, மறுபடியும் குழாயடியில் கையை நீட்டினார்.