பிரேதம் எடுத்த நாளும் மகளின் கலங்களும்

என் கணவரின் தமையன் குடலில் வந்து ஈரலுக்கும் பரவிய புற்றுநோயால் போனார். கனடாவில் இருக்கிற அவருடைய மகன் வரட்டும் என்று, உடம்பு பழுதாகாமல் ஊசி ஏற்றி, உரும்பிராய் வீட்டில் வைத்திருந்தார்கள். அவன் வந்த விமானம் பிந்தியது. பிரேதம் எடுக்கிற நாளும் பிந்திப்போய், என் மகள் தன் கலங்களைப் பார்க்கவேண்டிய நாளில் வந்து விழுந்தது. அன்றைக்கு என் கால் ஓரிடத்தில் தரிக்கவில்லை.

மகளுக்கு யாழ்ப்பாணத்தில் ஓர் ஆய்வுகூடத்தில் வேலை. நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். ஆனாலும் அவள் என்ன செய்கிறாள் என்று கேட்டால் சொல்லுவேன். எங்கள் உடம்பு முழுவதும் கண்ணுக்குத் தெரியாத கலங்கள், செல் என்பார்களே அவை. அவை ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருப்பதால்தான் உடம்பு உடம்பாக நிற்கிறது. அந்தப் பிடியை உண்டாக்குவதற்கு ஒரு ஜீன் இருக்கிறது. ஆர்.என்.ஏ. என்பதில் மிகச் சிறிய துண்டு ஒன்றை உள்ளே விட்டால் அந்த ஜீன் வாயடைத்துப் போகும். சாகாது, சில நாட்களுக்குப் பேசாமல் இருக்கும், அவ்வளவுதான். பிடி போனால் கலங்கள் பிரிந்து நடக்குமா, புற்றுநோய் உடம்புக்குள் இடம் மாறுவது அப்படித்தானா என்பது மகளின் கேள்வி. அந்தத் துண்டு வெளிநாட்டிலிருந்து வரவேண்டும். மாதக்கணக்காகக் காத்திருந்து எடுத்ததில் கடைசிச் சொட்டையும் ஆய்வுகூடத்தில் போத்தலுக்குள் வளர்க்கிற கலங்களுக்குள் விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தவளுக்குத்தான் மரணச் செய்தி கிடைத்தது.

அன்று காலை பந்தலுக்குப் பின்னால் என்னைக் கூப்பிட்டாள்.

"அம்மா, இண்டைக்குப் பாக்காட்டிப் பிறகு பாத்தும் பிரயோசனமில்லை. அந்த ஜீன் திரும்பக் கதைக்கத் தொடங்கியிடும்."

வேறு யாரும் பார்க்க ஏலாதோ என்று கேட்டேன். கூட வேலை செய்கிறவள் பிள்ளைப்பேற்றுக்குப் போய்விட்டாளாம். வாய்க்கரிசிக்கு முன்னர் வந்துவிடச் சொன்னேன். அதோடு விட்டிருக்கலாம். செத்தவீட்டு உடுப்போடு உயிருள்ளதைத் தொடாதே என்று கிணற்றடியில் நிறுத்தித் தலையில் தண்ணீர் வார்த்துவிட்டேன். எங்கள் பக்கத்தில் பிரேதம் வாசல் படலை தாண்டிய பிறகுதான் முழுகுவது. ஈரத்தலையோடு அவள் ஸ்கூட்டியை எடுத்ததைப் பந்தலில் இருந்த சனம் முழுவதும் பார்த்தது. உறவு வேண்டாம் என்று முழுகிவிட்டுப் போகிறாள் என்று எடுத்துக்கொண்டார்கள்.

கனடாவில் இருந்து வந்தவன் எனக்குக் கேட்கத்தக்கதாகச் சொன்னான்: "பெரியப்பனைப் பாக்கிறதிலும் பாக்க அவவுக்குப் போத்திலுக்கை இருக்கிற கிருமி பெரிசு."

நான் ஒழுங்கை முகப்புக்கும் பந்தலுக்குமாக நடந்தேன். ஒவ்வொரு ஸ்கூட்டிச் சத்தத்துக்கும் எட்டிப் பார்த்தேன். சுண்ணம் இடிக்கிற சடங்கு முடிந்தது. பெண்கள் வாய்க்கரிசிக்கு வரிசையாக நின்றார்கள். கொஞ்சம் பொறுங்கோ என்று ஐயரிடம் கேட்டிருக்கலாம். நான் யாரிடமும் கெஞ்சிப் பழக்கமில்லாதவள், அன்றும் கெஞ்சவில்லை. என் பிடி அரிசியைப் போட்டேன். மகள் வரவில்லை. பிரேதத்தை எடுத்துவிட்டார்கள்.

ஆண்கள் சுடலையால் திரும்பி, வீடு கழுவி ஈரம் காயாத நேரத்தில் அவள் வந்தாள். ஒருவரும் அவளோடு கதைக்கவில்லை. தாலியைக் கழற்றிவிட்டுச் சுவரோடு சாய்ந்திருந்த என் ஓரகத்திதான் அவளைக் கிட்டக் கூப்பிட்டாள்.

"பாத்தியோ?"

"பாத்தன், பெரியம்மா. பிடி விட்டிட்டுது. ஒண்டொண்டாப் பிரிஞ்சு போகுதுகள்."

"இவருக்கும் உப்பிடித்தானோ ஈரலுக்குப் போனது?"

ஓம் என்று சொல்லிவிடு என்று எனக்கு நெஞ்சு அடித்தது. சொன்னால் எல்லார் வாயும் அடங்கும். மகள் சொல்லவில்லை.

"அது இன்னும் தெரியாது, பெரியம்மா. அதைத்தான் பாக்கிறம்."

ஓரகத்தி அவளைத் தன் பக்கத்தில் இருத்தினாள்.

"அப்ப நாளைக்கும் போய்ப் பார்."

அடுத்த நாள் காடாத்து. ஆண்கள் சாம்பல் அள்ளக் கிளம்ப முன்னரே மகள் போய்விட்டாள். கனடாக்காரன் திரும்பிப் போகும்வரை எங்களோடு முகம்கொடுத்துக் கதைக்கவில்லை. கதைக்காவிட்டால் போகட்டும். மகளைப் போகச் சொன்னது அவனைப் பெற்றவள்.