பின்சீட்டுக்காகக் கழற்றிய அலாய் வீல்

இன்று சிவகாசி டயர் கடையில் காரின் அலாய் வீல்களைக் கழற்றிவிட்டு, பழைய சின்ன வீல்களையே மாட்டச் சொன்னேன்.

கடைக்கார பாய் ஒரு மாதிரி பார்த்தார். "எல்லாரும் பெருசு போடத்தான் வாராக. வளைவுல வண்டி ஆடுதுன்னு நீங்கதான இதக் கேட்டு வாங்கினீக?"

நான்தான் கேட்டேன். பெரிய வீல், பட்டையான டயர். அதைப் போட்டபிறகு வளைவுகளில் வண்டி ரோட்டைக் கவ்விக்கொண்டு போனது. பள்ளத்தில் இறங்கினால் இடுப்பில் இடிக்கும். அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

போன மாதம் எம். புதுப்பட்டி பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து பற்றிக்கொண்டது. அங்கே வேலை பார்த்த என் அக்காவைப் பின்சீட்டில் வாழையிலை விரித்துப் படுக்கவைத்து, இதே காரில் மதுரைக்குக் கொண்டுபோனேன்.

"ஏலே தம்பி, கொஞ்சம் மெதுவா போலே" என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.

அப்போது வண்டி இருபதில்தான் போய்க்கொண்டிருந்தது.

திருமங்கலம் தாண்டியதும் அவள் அதைச் சொல்வதும் நின்றுவிட்டது.

பாயிடம் இதைச் சொன்னேன். அவர் குனிந்து டயரை அமுக்கிப் பார்த்தார். பிறகு, "காத்தக் கொஞ்சம் கொறச்சு வைக்கேன். இன்னும் மெத்துன்னு போகும்" என்றார்.

திரும்பும்போது விஸ்வநத்தம் வேகத்தடையில் வண்டி ஏறி இறங்கியதே தெரியவில்லை. பழக்கதோஷத்தில் பின்சீட்டைத் திரும்பிப் பார்த்தேன்.

அலாய் வீல் நான்கும் கடையில்தான் கிடக்கின்றன. குலுங்காத ரோட்டில் மட்டும் வண்டி ஓட்டுகிறவர்கள் எடுத்துக்கொள்ளலாம். அந்த ரோடு எங்கே இருக்கிறது என்று எனக்கும் சொல்லுங்கள்.