வெறுஞ் சட்டி

பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம் படிக்கும்போது நான் உலகத்தைக் காப்பாற்ற முடிவெடுத்தேன். அதற்குக் காரணம் ஒரு நண்டு. ஒரு சனிக்கிழமை எங்கள் வகுப்பு முழுவதையும் வாவிக்கரையைத் துப்புரவு செய்ய இழுத்துக்கொண்டு போயிருந்தார்கள். கண்டல் மர வேர்களுக்குள் சிக்கிக்கிடந்த சொப்பிங் பேக்குகளை நான் இழுத்த இழுப்பில் உள்ளேயிருந்த நண்டு வெளியே வந்து என் கால் பெருவிரலைப் பிடித்துக்கொண்டது. அதற்குக் கோபம் வந்ததில் நியாயம் இருந்தது. குப்பைதான் என்றாலும் அது அதனுடைய வீடு. எனக்கு வந்த கோபம் நண்டில் தொடங்கி, பேக்கில் தொற்றி, பேக் கொடுக்கும் கடைகளில் ஏறி, கடைசியில் முழு மனித குலத்தின் மீதும் பரவிவிட்டது.

பின்னேரம், வாடகைக்கு இருந்த போடிங் அறைக்கு நொண்டிக்கொண்டு வந்து என் அறைத்தோழியிடம் அறிவித்தேன். இந்தச் செமஸ்டர் முடியும்வரை ஒரு சொப்பிங் பேக்கோ, ஒரு பிளாஸ்ரிக் பெட்டியோ இந்த வாசற்படியைத் தாண்டி உள்ளே வராது. அவள் கதிரவெளிக்காரி. ஒரு விஷயத்தை அவளுக்கு இரண்டாம் தரம் சொல்லத் தேவையில்லை, ஆனால் நாம் சொன்னதை அவள் நமக்கு ஆயுசுக்கும் சொல்லிக்கொண்டிருப்பாள். "சரி புள்ள, சட்டம் உன்ட. காவல் நான்" என்றாள். அவள் அதை அவ்வளவு சந்தோசமாகச் சொன்னபோதே நான் யோசித்திருக்க வேண்டும்.

அடுத்த நாள் மத்தியானம் சோற்றுப் பார்சல் வாங்க எவர்சில்வர் பெட்டியைக் கொண்டுபோனேன். கடைக்காரர் என்னை அன்போடு பார்த்தார். பெட்டியைத் திறந்தார். பெட்டி அழுக்காகிவிடும் என்று உள்ளே ஒரு பிளாஸ்ரிக் லன்ச் சீற்றை அழகாக விரித்து, அதன்மேல் சோற்றைப் போட்டார். குழம்பு ஊற்றினால் பெட்டி நாறும் என்று குழம்பைத் தனியாக ஒரு சின்ன பேக்கில் கட்டினார். பிறகு எல்லாவற்றையும் சேர்த்து, பிடிக்க வசதியாக இருக்கட்டும் என்று, ஒரு சொப்பிங் பேக்கில் போட்டு நீட்டினார். வழக்கமாக ஒரு சீற்றோடு முடிகிற சாப்பாடு அன்று என் கொள்கையால் மூன்று பிளாஸ்ரிக்கோடு முடிந்தது. வாசலில் காவல்காரி கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். நான் படிக்கு வெளியே குந்தியிருந்து சாப்பிட்டேன்.

இதற்கெல்லாம் அசருகிற ஆள் நான் இல்லை. பழத்தோலும் தேயிலைச் சக்கையும் வீணாகக் கூடாது என்று ஒரு பழைய வாளியில் கூட்டெரு போடத் தொடங்கினேன். அந்த எருவில் வளர்க்கவென்று உடைந்த சட்டியொன்றில் ஒரு பச்சைமிளகாய்க் கன்றும் நட்டேன். முகம் கழுவின தண்ணீரை அதற்கு ஊற்றினேன். அது சவர்க்காரத் தண்ணீரிலும் பிடிவாதமாக வளர்ந்தது. அதன் குணம் எனக்குப் பிடித்திருந்தது.

எங்கள் போடிங் ஏறாவூரின் ஓரத்தில் இருந்தது. பின்மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு முஸ்லிம் குடும்பம். அந்த வீட்டு அக்காவை ராத்தா என்றுதான் கூப்பிடுவோம். அவருடைய கணவர் கட்டாரில் வேலை. ராத்தா வீட்டிலிருந்தே உடுப்புத் தைப்பார். மதிலில் ஓரிடத்தில் நாலைந்து கல் பெயர்ந்து இடைவெளி விட்டிருந்தது. அதனூடாகத்தான் எங்களுடன் கதைப்பார். வீட்டைவிட்டு வந்து தங்கியிருந்த எனக்கு அந்த ஓட்டையில் தெரியும் முகம் எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை நான் அவருக்குச் சொன்னதில்லை. சாப்பிட்டீங்களா என்று கேட்க அந்த ஊரில் எனக்கு வேறு யாரும் இருக்கவில்லை. அறைத்தோழி கேட்க மாட்டாள், என் பங்கையும் சாப்பிட்டிருப்பாள்.

ஒருநாள் ராத்தா, முட்டையும் தேங்காய்ப்பாலும் சேர்த்து அவித்த வட்டலப்பத்தை ஐஸ்கிறீம் பெட்டி ஒன்றில் போட்டு நீட்டினார். என் வாயில் தண்ணீர் ஊறியது. அதே நேரம் பின்னால் காவல்காரியின் இருமலும் கேட்டது. நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, பிளாஸ்ரிக் பெட்டியில் வேண்டாம் ராத்தா, உங்கள் வீட்டுச் சட்டியிலேயே தாருங்கள், கழுவித் திருப்பித் தருகிறேன் என்று சொன்னேன். வாவியைப் பற்றியும் நண்டைப் பற்றியும் ஒரு சிறு பிரசங்கமும் செய்தேன். ராத்தா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு உள்ளே போய், மூடி போட்ட ஒரு எவர்சில்வர் சட்டியில் வட்டலப்பத்தை மாற்றிக்கொண்டு வந்தார். உலகம் ஒரு பெட்டியளவு காப்பாற்றப்பட்டது.

வட்டலப்பத்தைத் தின்று, சட்டியைத் தும்பு போட்டுத் தேய்த்துக் கழுவி, மதிலடிக்குப் போகக் கிளம்பினேன். அறைத்தோழி கட்டிலில் படுத்தபடியே கேட்டாள்.

"வெறுஞ் சட்டியவா குடுக்கப் போறாய்?"

நான் நின்ற இடத்திலேயே நின்றேன். எங்கள் பக்கத்தில் சாப்பாடு வந்த பாத்திரத்தை யாரும் வெறுமையாகத் திருப்பிக் கொடுப்பதில்லை. ஒரு பிடி அரிசி, கொஞ்சம் சீனி, எதையாவது போட்டுத்தான் கொடுப்பார்கள். தமிழர், முஸ்லிம் என்றில்லை, எல்லா வீட்டிலும் அதுதான் வழக்கம். ஐஸ்கிறீம் பெட்டி என்றால் அந்தக் கரைச்சல் இல்லை. எறிந்துவிட்டால் முடிந்தது. சட்டியைக் கேட்டு வாங்கினவள் நான்தான்.

அறையைத் தேடினேன். ஒரு வெங்காயம், அரைப் பக்கற் பிஸ்கட், சீனிப்போத்தல். சீனியைக் கொட்டிக் கொடுத்தேன். சரி, முடிந்தது என்று நினைத்தேன். ஆனால் போடிங்கில் இருக்கிற பிள்ளை தன் தேயிலைக்கு வைத்திருந்த சீனியைத் தந்துவிட்டதே என்று ராத்தாவின் மனம் பொறுக்கவில்லை. மறுநாள் அதே சட்டி நிறைய நெய்ச்சோறு வந்தது. நெய்ச்சோற்றுக்குச் சீனி போட்டுக் கொடுக்க முடியுமா? ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கிப் போட்டேன். வாழைப்பழத்துக்கு மரியாதையாக இடியப்பமும் சொதியும் வந்தன. நான் ஊருக்குப் போனபோது உன்னிச்சையிலிருந்து பஸ்ஸில் மடியில் வைத்துத் தயிர் கொண்டுவந்து போட்டேன். தயிருக்குப் பதிலாகக் கோழிப் புரியாணி வந்தது. அன்று வெள்ளிக்கிழமை, எனக்கு விரதம். சாப்பாட்டை வீணாக்கினால் பூமிக்குக் கேடு என்று என் பிரசங்கத்தை எனக்கே சொல்லிக்காட்டியபடி அறைத்தோழி முழுவதையும் ஒரே மூச்சில் முடித்தாள்.

ஒருதரம் கோயிலில் கிடைத்த சர்க்கரைப் பொங்கலைப் போட்டு அனுப்பப் பார்த்தேன். படைத்த சோற்றை அவர்கள் சாப்பிட மாட்டார்கள், அந்த மனுசியைத் தர்மசங்கடத்தில் விடாதே என்று அறைத்தோழி சட்டியைப் பறித்தாள். இருவரும் சேர்ந்து பொங்கலைத் தின்றுவிட்டு விரிவுரையில் அருகருகே தூங்கினோம். சட்டி மட்டும் அறையில் வாயைத் திறந்தபடி காத்திருந்தது.

இதற்குள் நான் கவனிக்காத ஒன்று நடந்துகொண்டிருந்தது. சட்டியை நிரப்புவதற்காக நான் வாங்கின பிஸ்கட்டெல்லாம் பக்கற்றில்தான் வந்தன. அப்பிள்கள் ஒவ்வொன்றும் வெள்ளை நுரைச்சட்டை போட்டுக்கொண்டு வந்தன. அவற்றை வாசலுக்கு வெளியே உரித்து உரித்துப் போட்டதில் படியடியில் ஒரு குப்பைமேடு உருவாகிவிட்டது. சாப்பிட முடியாமல் மிஞ்சியதெல்லாம் எரு வாளிக்குள் போனது. நெய்ச்சோறு தின்ற வாளி ஒருவிதமாகப் பொங்கி, இலையான்கள் மொய்க்கும் ஊராக மாறியது. பக்கத்து அறைப் பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு போனார்கள். வாவியில் நான் பொறுக்கினதைவிட வாசலில் நான் சேர்த்ததே அதிகம் என்று காவல்காரி தீர்ப்புச் சொன்னாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மெல்ல மெல்லக் குறைத்துக்கொண்டு வந்து நிறுத்திவிடலாம் என்று ஒரு திட்டம் போட்டேன். என் மிளகாய்க் கன்றில் மூன்று காய்கள் காய்த்திருந்தன. அந்த மூன்றையும் சட்டியின் அடியில் போட்டுக் கொடுத்தேன். இவளிடம் இனி ஒன்றுமில்லை என்று விளங்கிக்கொள்வார் என நினைத்தேன். ராத்தாவோ, தங்கச்சி வளர்த்த முதல் மிளகாய் என்று உருகிப்போய், அந்த மூன்றையும் போட்டுச் சம்பல் இடித்து, சம்பல் மட்டும் எப்படிக் கொடுப்பது என்று ரொட்டியும் சுட்டு, ரொட்டி மட்டும் எப்படி என்று மீன்குழம்பும் வைத்து அனுப்பினார். சட்டியை மூட முடியாமல் மேலே ஒரு தட்டைக் கவிழ்த்து வைத்திருந்தார். இப்போது தட்டுக்கும் ஏதாவது போட வேண்டும்.

பரீட்சை வந்தது. கையில் காசுமில்லை, ஊருக்குப் போக நேரமுமில்லை. சட்டி என்னிடமே தங்கிவிட்டது. கிணற்றடிக்குப் போகும்போது மதில் ஓட்டையைத் தாண்டும்வரை குனிந்து போனேன். உடுப்புக் காயப்போடுவதை இருட்டுப்பட்ட பிறகு செய்தேன். ராத்தாவின் குரல் கேட்டால் கட்டிலுக்கு ஓடினேன். நான் ஆசைப்பட்ட ஒரேயொரு முகத்திடமிருந்து நானே ஒளிந்து திரிந்தேன். என்ன விசர் வேலை இது என்று எனக்கே கோபம் வந்தது. ஆனால் வெறுஞ் சட்டியோடு போய் நிற்க முடியவில்லை. அம்மா பார்த்தால் என்ன சொல்வாள் என்பது காதுக்குள் கேட்டுக்கொண்டே இருந்தது.

பிறகு அந்த ஓட்டையில் ராத்தாவின் முகம் தெரிவதே நின்றுவிட்டது. தையல் மெசின் சத்தம் மட்டும் கேட்கும். கோபித்துக்கொண்டார் என்று முடிவுகட்டினேன். சட்டியைத் திருடிக்கொண்டாள் என்றே நினைத்திருப்பார்.

கடைசிப் பரீட்சை முடிந்த பின்னேரம் ராத்தா சுற்றிக்கொண்டு முன்பக்கக் கேற்றால் வந்தார். முகத்தில் சிரிப்பில்லை. கையில் ஐஸ்கிறீம் பெட்டி. அதை என் கையில் வைத்துவிட்டு, தரையைப் பார்த்தபடி சொன்னார்.

"தங்கச்சி, வட்டலப்பம். இந்தப் பெட்டியத் திருப்பித் தரத் தேவல்ல. எறிஞ்சிருங்க."

அவ்வளவுதான். போய்விட்டார்.

நான் பெட்டியோடு வாசலில் நின்றேன். காவல்காரி கையைக் குறுக்கே நீட்டினாள். சட்டம் சட்டம்தான். இருவரும் படிக்கு வெளியே, குப்பைமேட்டுக்கும் எரு வாளிக்கும் நடுவில் குந்தியிருந்து, இலையான்களை விரட்டி விரட்டி ஒரே கரண்டியால் வட்டலப்பம் தின்றோம். நல்ல வட்டலப்பம். அந்தப் பெட்டியின் வசதி என்னவென்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அது வரும், முடியும், குப்பைக்குப் போகும். அதற்குப் பிறகு யாரும் யார் வீட்டுக்கும் போகத் தேவையில்லை. ராத்தா என்னை மரியாதையாகக் கை கழுவிவிட்டுப் போயிருக்கிறார் என்று நினைத்தபோது மூக்கால் தண்ணீர் வடிந்தது. அறைத்தோழி என்னைப் பார்த்தாள், பெட்டியைப் பார்த்தாள், என் பங்கையும் எடுத்துக்கொண்டாள்.

"அழுறதெண்டா அங்க போய் அழு" என்றாள். "சட்டியையும் கொண்டு போ."

அந்த நேரத்தில் எனக்கு வெட்கம் விட்டுப்போயிருந்தது. சட்டியையும் தட்டையும் எடுத்துக்கொண்டு, சீப்பால் தலையைக்கூட இழுக்காமல், ஒழுங்கையைச் சுற்றிப் போய் ராத்தா வீட்டுக் கதவைத் தட்டினேன். கதவு உடனே திறக்கவில்லை. உள்ளே ஏதோ அவசர அவசரமாக நடமாடும் சத்தம். பிறகு ஒரு கீற்றளவு திறந்து ஒரு கண் என்னைப் பார்த்தது. அந்தக் கண் நேரே சட்டிக்கு இறங்கியது. ராத்தாவின் முகம் வெளிறியதை நான் கண்டேன்.

"ராத்தா, ஒண்டும் கொண்டு வரல்ல" என்றேன். "வெறுஞ் சட்டி."

அவர் நம்பவில்லை. கதவை முழுதாகத் திறந்து, தட்டைத் தூக்கி உள்ளே பார்த்தார். நான் அடியில் எதையாவது ஒளித்து வைத்திருக்கிறேனோ என்று சட்டியைக் கவிழ்த்தும் பார்த்தார். ஒன்றும் விழவில்லை. அப்படியே வாசலில் உட்கார்ந்துவிட்டார். தோள்கள் குலுங்கின. அழுகிறார் என்று பயந்து குனிந்தேன். சிரிப்பு. சத்தம் வெளியே வராத, வயிற்றைப் பிடித்துக்கொள்கிற சிரிப்பு.

"நீங்க தயிர் கொண்டு வந்த நாளையில இரிந்து எனக்கு நித்திரயில்ல தங்கச்சி" என்றார். "இந்தப் புள்ளைக்கு என்னத்த ஆக்கிக் குடுக்கிறெண்டு யோசிச்சி, நீங்க நிரப்பிக் கொண்டு வாற சட்டிக்குப் பயந்து பின்பக்கமே வாறல்ல. உடுப்பும் முன்னுக்குத்தான் காயப்போடுற."

சனங்கள் பார்க்கிற முன்வாசல் கொடியில் அவருடைய பாவாடைகள் வெட்கமில்லாமல் ஆடிக்கொண்டிருந்தன. நானும் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். மதிலுக்கு அந்தப் பக்கம் நான் குனிந்து போனதையும், இருட்டில் உடுப்புக் காயப்போட்டதையும், மூன்று மிளகாயின் உண்மையான நோக்கத்தையும் சொன்னேன். மிளகாய்க் கதைக்கு அவர் என் தொடையில் ஓங்கி ஒரு அடி போட்டார். பிறத்தியாருக்குத்தான் வெறுஞ் சட்டி கொடுக்கப்படாது, உங்கள் உம்மா வீட்டுச் சட்டிக்குச் சீனி போட்டா கொடுப்பீர்கள் என்று கேட்டார்.

அடுத்த நாள் மத்தியானம் மதில் ஓட்டையில் கை வந்தது. சட்டி நிறைய அவித்த மரவள்ளிக்கிழங்கும் கட்டைச்சம்பலும். நெய்ச்சோறுமில்லை, புரியாணியுமில்லை. அவர்கள் வீட்டில் அன்று என்னவோ அதுதான். அறைத்தோழிக்குக் கொஞ்சம் கொடுத்து மிச்சத்தை நான் தின்றேன். சட்டியைக் கழுவினேன். சீனிப்போத்தல் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. கை அந்தப் பக்கம் போகப் பார்த்தது. இழுத்துக்கொண்டேன்.

வெறுஞ் சட்டியை மதில் ஓட்டையால் நீட்டினேன். ராத்தா வாங்கி, உள்ளே எட்டிப் பார்க்காமலேயே இடுப்பில் வைத்துக்கொண்டு, பரீட்சை எப்படி என்று கேட்டார்.